ஒரு நாற்காலிகூடத் திரும்பாத வகுப்பு

தனக்கு மாணவர்கள் என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாத ஆசிரியர் உலகத்தில் இருக்க முடியாது. தெரியாததுபோல் இருப்பவர்கள்தான் உண்டு. நம் டீச்சர் அப்படி நடிக்கவும் இல்லை. ‘தரகர் டீச்சர்’ என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சொல்வது அவருக்குத் தெரியும். உள்ளூரப் பிடிக்கவும் செய்தது.

அவர் பார்த்தது கல்யாணத் தரகு அல்ல. பிள்ளைக்கும் தொழிலுக்கும் பொருத்தம் பார்க்கும் தரகு. இருபது வருடங்களாக அந்த அரசுப் பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தவருக்கு இந்த உபரி உத்தியோகம் வந்து சேர்ந்தது புதிய தலைமையாசிரியை வந்த பிறகுதான். அந்த அம்மாள் முதல் கூட்டத்திலேயே, “எல்லாருக்கும் ஒரே அளவுல சட்டை தைச்சுட்டு, மாட்ட முடியாதவனைப் பாத்து உன் உடம்பு சரியில்லன்னு சொன்னா எப்படி?” என்று கேட்டார். பிறகு தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். பிள்ளைக்குப் பிள்ளை தனித் தனி கால அட்டவணை வந்தது. கணக்கில் வேகமாக ஓடுபவன் ஓடலாம், மொழியில் நொண்டுபவன் நின்று நடக்கலாம். மேல் வகுப்புப் பிள்ளைகள் செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் பள்ளிக்கு வர வேண்டியதில்லை. ஊருக்குள் ஏதாவது ஒரு கடையிலோ பட்டறையிலோ மருத்துவமனையிலோ வேலை பழக வேண்டும். யாரை எங்கே அனுப்புவது என்பது வகுப்பாசிரியர் பாடு.

மற்ற ஆசிரியர்கள் இதைத் தலைவலியாகப் பார்த்தார்கள். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி, கால்நடை மருத்துவமனை, குடிநீர் சுத்திகரிப்பு நிலையம், பல் செட் செய்யும் லேப், மூக்குக்கண்ணாடிக் கடை, பேக்கரி என்று படி ஏறி இறங்கினார். முதலில் எல்லாரும் கையை விரித்தார்கள்.

“டீச்சர், எனக்கே இங்க நிக்க இடமில்ல. இதுல பள்ளிக்கூடத்துப் பிள்ளையை எங்க நிறுத்த?” என்றார் பேக்கரிக்காரர்.

“நீங்க நிக்கிற இடத்துல நிறுத்துங்க. நீங்க கொஞ்சம் உக்காருங்க. எத்தனை வருஷமா நிக்கிறீங்க?”

பேக்கரிக்காரர் சிரித்துவிட்டார். சிரித்தால் பாதி கல்யாணம் முடிந்த மாதிரி என்பது டீச்சரின் சித்தாந்தம்.

பொருத்தம் பார்ப்பதில் தனக்கு ஒரு கண் இருப்பதாக அவர் நம்பினார். வகுப்பில் ஒரு பிள்ளை எப்படி உட்காருகிறது, பென்சிலை எப்படிச் சீவுகிறது, சண்டையில் யார் பக்கம் போகிறது என்றெல்லாம் பார்த்து, சட்டென்று முடிவு செய்வார். வாயை மூடத் தெரியாத ஒரு பையன் இருந்தான். ‘ரேடியோ’ என்று பெயர். அவனைக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பினார். வருகிறவர்களிடம் பேசிப் பேசியே ஃபிரேம் விற்றுவிடுவான் என்பது கணக்கு. அதே வகுப்பில் ‘மௌனம்’ என்று ஒரு பெண். வருகைப்பதிவுக்குக்கூடக் கையைத் தூக்குமே தவிர வாயைத் திறக்காது. அவளைப் பல் லேபுக்கு அனுப்பினார். மெழுகில் பல் செதுக்கும் வேலைக்கு வாய் எதற்கு, கையும் பொறுமையும் போதும்.

கேட்பவர்களுக்கு இது சரியாகத்தான் படும். சரியாகப் படுகிற விஷயங்களை இரண்டாம் தடவை யாரும் யோசிப்பதில்லை. அதுதான் அவற்றில் உள்ள ஆபத்து.

தலைமையாசிரியை இதற்கு ஒரு தப்பிக்கும் வழியும் வைத்திருந்தார். பருவத்துக்கு ஒருமுறை ‘நாற்காலி நாள்’. வகுப்பறை நடுவில் கைப்பிடி இல்லாத ஒரு மர நாற்காலி. மாணவர் அதில் உட்காருவார். எதிரே பெற்றோர், வேலை கொடுத்தவர், வகுப்பாசிரியர். இத்தனை நாள் என்ன பழகினேன் என்று மாணவர் சொல்வார். அந்த வேலை வேண்டாம், வேறு இடம் வேண்டும் என்று தோன்றினால் வாயால் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தால் போதும். அன்றைக்கு யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. மறுநாள் வேறு இடம் தேடும் வேலை தொடங்கும். “பெரியவங்க முன்னாடி ‘பிடிக்கல’ங்கிற வார்த்தை பிள்ளைங்க வாயில வராது. நாற்காலிக்கு அந்தக் கூச்சம் இல்ல” என்பார் தலைமையாசிரியை.

பக்கத்து வகுப்பில் நாற்காலிகள் திரும்பின. அதன் ஆசிரியர், வேட்டுச் சத்தத்துக்கும் தும்மலுக்கும் ஒரே முகம் காட்டுகிற ஒரு கணக்கு வாத்தியார், அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவே இல்லை. “திரும்பிச்சு. சரி, வேற பாப்போம்” என்பதோடு சரி. டீச்சர் வகுப்பில் மட்டும் தொடங்கிய நாளிலிருந்து ஒரு நாற்காலிகூடத் திரும்பவில்லை. ஊரில் உள்ள ஆசிரியர் கூட்டங்களிலெல்லாம் இது பேச்சாயிற்று. டீச்சரும் அடக்கமாக இருப்பதுபோல் இருந்துகொண்டு எல்லா இடத்திலும் அதைச் சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. மாவட்டத்தின் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் இந்த ஏற்பாட்டைக் கொண்டுபோகப் போகிறார்கள். அதற்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பார்கள். தனி அறை, ஊர் ஊராகப் பள்ளிகளைச் சுற்ற ஒரு ஜீப். தேர்ந்தெடுக்கும் அதிகாரி வரப்போகும் நாற்காலி நாளில் நேரில் வந்து உட்காருவார்.

டீச்சர் அந்த ஜீப்புக்கு ஆசைப்பட்டார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இருபது வருடம் கரும்பலகையில் கண்டங்களை வரைந்தவர், பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டு பஸ் நிறுத்தங்களைத் தாண்டி எங்கும் போனதில்லை. ‘உங்களை மாதிரி ஒருத்தர் வேணும்’ என்று இதுவரை யாரும் அவரிடம் சொன்னதும் இல்லை.

அவர் கணவர் பள்ளிக்கு எதிரே சலூன் வைத்திருந்தார். செய்தியைக் கேட்டதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“ஜீப்பா? அப்ப டிரைவரும் உண்டா?”

“உண்டு.”

“அப்ப நான் எதுக்கும்மா உனக்கு?”

“கிண்டலை விடுங்க. இந்த தடவையும் ஒண்ணும் திரும்பலைன்னா எனக்குத்தான்னு பேசிக்கிறாங்க.”

“திரும்பாது, திரும்பாது” என்றார் அவர். சொன்ன விதத்தில் ஏதோ ஒரு வழுக்கல் இருந்தது. டீச்சர் கவனிக்கவில்லை.

நாற்காலி நாளுக்கு முந்தைய வாரம், ஒரு வியாழக்கிழமை, பிள்ளைகள் எல்லாம் வேலை பழகப் போயிருந்த நேரம், ஆசிரியர் அறையில் டீச்சர் தன் மூக்குக்கண்ணாடியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு உலகம் தண்ணீரில் கரைத்த வண்ணம். எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்பதே அது நகர்ந்தால்தான் தெரியும். கணவருக்கு ஆள் அனுப்பினார். அவர் வந்து கையைப் பிடித்துத் தெருவில் இறக்கினார்.

“பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு கடை இருக்கு, அங்க போலாம்” என்றார்.

“எதுக்கு அவ்ளோ தூரம்? நம்ம ரேடியோ இருக்கானே, அந்தக் கடைக்கே போலாம்.”

“அந்தக் கடை இன்னைக்கு லீவு.”

“வியாழக்கிழமை எந்தக் கடைங்க லீவு? லீவுன்னா ரேடியோ எங்க போயிருப்பான்?”

“இல்ல, வேலை நேரத்துல டீச்சர் தலை அங்க தெரியக் கூடாதுன்னு உங்க பெரிய டீச்சரம்மா சட்டம் போட்டிருக்காங்களே.”

இது உண்மை. தலைமையாசிரியை அப்படி ஒரு விதி வைத்திருந்தார். கண்காணிக்கிற கண் இருந்தால் பிள்ளைகள் வேலையைப் பழக மாட்டார்கள், கண்ணுக்குப் பழகுவார்கள் என்பது அவர் வாதம். அதனால் டீச்சர் வெள்ளிக்கிழமைகளில்தான் கடைக்காரர்களைப் பார்த்து விசாரிப்பார். கண்ணாடிக் கடைக்காரர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், “பிள்ளை தங்கம் டீச்சர், சொக்கத் தங்கம்” என்பார். அதற்கு மேல் விவரம் கேட்டால் அவருக்கு அவசரமாக ஏதாவது வேலை வந்துவிடும்.

“நான் இன்னைக்கு டீச்சரா போகல. குருடியா போறேன்” என்று சொல்லிவிட்டு டீச்சர் தானே வழியைத் துழாவினார். கணவர் வேறு வழியில்லாமல் கொண்டுபோய் வாசலில் விட்டார். “நீ உள்ள போ. நான் வெளியவே நிக்கிறேன்” என்றார். புயலடிக்கும்போது படகில் ஏறாமல் கரையில் நிற்கிற புத்திசாலித்தனம்.

கடைக்குள் குளிர்ந்த காற்றும், சுவர் முழுக்க மினுமினுக்கும் புள்ளிகளும். வலது மூலையில் ஒரு பெண் குரல் யாரோ ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தது.

“அண்ணா, இந்த வட்ட ஃபிரேம் உங்களுக்கு வேண்டாம். நான் சொல்லலைன்னா வித்துடும், ஆனா வீட்டுக்குப் போனா அண்ணி சிரிப்பாங்க. இதைப் போடுங்க. ம்ம். இப்ப கண்ணாடியைப் பாருங்க. பாங்க் மேனேஜர் மாதிரி இல்ல?”

“பாங்க்ல கடன் வாங்குற ஆளும்மா நான்.”

“அப்ப இன்னும் நல்லது. மேனேஜரே குழம்பிடுவார்.”

அந்த ஆள் வாங்கிக்கொண்டு போனார். டீச்சருக்கு அந்தக் குரல் பிடித்துப்போயிற்று. கடைக்காரரின் உருவம் என்று ஊகித்த ஒரு தூண் பக்கம் திரும்பி, “யாருங்க இந்தப் பொண்ணு? புதுசா சேத்திருக்கீங்களா? என்ன அருமையாப் பேசுறா! ரேடியோகிட்ட இதெல்லாம் கத்துக்கச் சொல்லுங்க” என்றார்.

தூண் இருமியது. கடைக்காரர்தான். “டீச்சர்… நீங்களா… கண்ணாடி எங்க?” என்றார். இந்தக் கேள்விக்குப் பதில் வந்ததும் அவர் குரலில் பெரிய நிம்மதி. “அப்ப ஒண்ணுமே தெரியலையா?” என்று இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பெண் குரலும் ஒரு கணம் நின்றுபோயிருந்தது. பிறகு ஒரு மூச்சை இழுத்துவிட்டுத் தொடர்ந்தது. “உக்காருங்க டீச்சர். உங்க பழைய ஃபிரேம் எப்படி இருக்கும்?”

“கறுப்பு. மேல தடியா கோடு போட்ட மாதிரி.”

“அது புருவத்துக்கு மேல இன்னொரு புருவம் மாதிரி டீச்சர். நீங்க சும்மா இருந்தாக்கூடக் கோவமா இருக்குற மாதிரி தெரியும்.”

“என் மூஞ்சியே அப்படித்தான்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு.”

“மூஞ்சி இல்ல டீச்சர், ஃபிரேம்தான். முக்கால்வாசி.”

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு லேசான சட்டத்தை மூக்கில் பொருத்தினார்கள். இனி அதைக் கழற்றிவிட்டு, அளவு பார்க்கும் சோதனைச் சட்டத்தை மாட்டி, அதில் வில்லைகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். கடைக்காரர், “அதை நான் பாத்துக்கிறேன், நீ உள்ள போ” என்று அவசரப்படுத்தினார். பெண் போகவில்லை. “நான் ஆரம்பிச்ச வேலை, நானே முடிக்கிறேன் சார்” என்றாள். வலது கண்ணில் ஒரு வில்லை விழுந்தது. இடது கண்ணில் இன்னொன்று.

உலகம் கூடிச் சேர்ந்தது. அதன் நடுவில், ஒரு முழ தூரத்தில், மௌனத்தின் முகம் இருந்தது.

வகுப்பில் ஒரு வார்த்தைகூடப் பேசாத அந்தப் பெண்ணும், வகுப்பில் வாய் ஓயாத அந்த டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எழுத்து தெளிவா தெரியுதா டீச்சர்?” என்றாள் மௌனம்.

“தெரியுது” என்றார் டீச்சர். “எல்லாமே தெரியுது. ரேடியோ எங்க?”

மௌனம் இங்கே இருந்தால் அவன் பல் லேபில்தான் இருக்க வேண்டும். டீச்சர் சோதனைச் சட்டத்தோடேயே எழுந்து வெளியே நடந்தார். கடைக்காரர், “டீச்சர், அது கடைச் சட்டம்! கழட்டிக் குடுத்துட்டுப் போங்க!” என்று கூவினார். கணவர், “நான் கொண்டுவந்து தரேன் தம்பி” என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினார். மூக்கின் மேல் வட்டமான இரும்புச் சட்டமும் திருகாணிகளுமாக டீச்சர் தெருவில் போனதை அந்தத் தெரு இன்னும் மறக்கவில்லை.

பல் லேப் ஒரு மாடி அறை. மேசை விளக்குகள், வரிசையாக வெள்ளைத் தாடைகள், பொடியின் வாசனை. ஜன்னலோர மேசையில் ரேடியோ குனிந்து உட்கார்ந்து மெழுகில் ஒரு கடைவாய்ப்பல் செதுக்கிக்கொண்டிருந்தான். டீச்சர் அவன் பின்னால் வந்து நின்றது அவனுக்குத் தெரியவில்லை. அவர் அங்கே நின்றார், வெகுநேரம். ரேடியோ வாயே திறக்கவில்லை. தோள்கள் தளர்ந்து, மூச்சு சீராக, யாருக்கும் எதுவும் நிரூபிக்க வேண்டியிராத ஒருவனைப்போல் இருந்தான். அவன் வகுப்பில் ஓயாமல் பேசியது பேச்சில் ஆசை இருந்ததால் அல்ல என்று டீச்சருக்கு அப்போது பட்டது. நாற்பது பேர் நடுவில் உட்காரும் பயத்தை அவன் பேசிப் பேசித்தான் தள்ளிவைத்திருந்தான். மௌனம் அதே பயத்தைப் பேசாமல் தள்ளிவைத்தாள். அவர் பார்த்தது பிள்ளைகளை அல்ல. வகுப்பறையில் பிள்ளைகள் எப்படி ஆகிறார்கள் என்பதை மட்டும்தான்.

லேப்காரம்மாதான் முதலில் பார்த்தார். “ஐயோ, டீச்சரா! மூக்குல என்ன அது?”

ரேடியோ திரும்பினான். கையில் இருந்த பல் உருண்டது.

“எத்தனை நாளா?” என்றார் டீச்சர்.

“வந்து… முதல் மாசத்துலேருந்தே டீச்சர். எனக்கு அங்க வர்றவங்ககிட்டப் பேசிப் பேசித் தலைவலியே வந்துருச்சு. அவளுக்கு இங்க பேச ஆள் இல்லன்னு அழுகை. ரெண்டு பேரும் மாத்திக்கிட்டோம். அக்காவும் சாரும் சரின்னாங்க.”

“டீச்சர், நீங்க ஆசையா அனுப்பின பொண்ணை வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா இவன் கை இருக்கே, கழுதை, என் கையை விட நல்லா வருது” என்றார் லேப்காரம்மா.

“அதுக்குத்தானேடா நாற்காலி இருக்கு? திருப்பியிருக்கலாமே!”

ரேடியோ தரையைப் பார்த்தான். பழைய ரேடியோ திரும்பி வந்து கடகடவென்று ஒலிபரப்பினான். “போன வருஷம் ஒரு அக்கா திருப்பப் போனாங்களாம் டீச்சர். பேக்கரிக்குப் போன அக்கா. நாற்காலி முதுகுல கையை வச்சாங்களாம். நீங்க உடனே, ‘பரவால்லம்மா, தாராளமாத் திருப்பு. அந்தக் கடைக்கு நான் மூணு தடவை மழையில நனைஞ்சுக்கிட்டே நடந்தேன், அது கிடக்கட்டும்’ன்னு சொன்னீங்களாம். அவங்க கையை எடுத்துட்டாங்களாம். இப்ப ஒண்ணு திரும்பினாக்கூட உங்களுக்கு ஜீப் வராதாம். அதான் இந்த வருஷமும் யாரும் திருப்பறதில்லைன்னு பேசிட்டோம். கடைசி வருஷம் இப்படி ஏமாத்த முடியாது, அட்டவணையில இருக்குற மாதிரியே அவ இங்க வந்துருவா, நான் அங்க போயிருவேன். பரவால்ல டீச்சர்.”

அந்த மழை நாள் டீச்சருக்கு நன்றாக நினைவிருந்தது. தன்னுடைய பெருந்தன்மைக்கு உதாரணமாக அதை அவர் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

“யாரும்னா? உங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாரு?”

“மத்தவங்களைப் பத்தி நான் சொல்ல மாட்டேன் டீச்சர்” என்றான் ரேடியோ. அவன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு செய்தியை வெளியிடாமல் நிறுத்திக்கொண்டான்.

டீச்சர் மெதுவாகத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தார். அவர் ஒரு வெள்ளைத் தாடையை எடுத்து மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் சலூன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டீச்சர் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே கண்ணாடியில் அவருடைய முகம். இன்னும் சோதனைச் சட்டம்தான்.

“ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானே?”

“ஊருக்கேன்னு சொல்ல முடியாது. என்கிட்ட முடி வெட்டிக்கிறவங்களுக்குத் தெரியும்.”

“கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“எப்படிம்மா சொல்றது? ஒருநாள் வாயைத் திறந்தேன். உன் மூஞ்சியைப் பாத்தேன். மூடிக்கிட்டேன்.”

“எல்லாரும் என் மூஞ்சியையே குத்தம் சொல்லுங்க. உங்ககிட்ட மட்டும் எல்லாரும் எல்லாத்தையும் கொட்டுறாங்களே, உங்க மூஞ்சி என்ன அவ்ளோ அழகா?”

அவர் சிரித்தார். “என் மூஞ்சியை எவன் பாக்குறான்? நான் பின்னாடி நிக்கிறேன். கண்ணாடியிலயும் தெரியாம கொஞ்சம் தள்ளித்தான் நிப்பேன். எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவர் சொன்ன ரகசியம் இல்ல இது. என் மூஞ்சியைப் பாத்தா வாடிக்கை குறையும்னு ஆரம்பத்துல ஒரு பயம், அவ்ளோதான்.” அவர் ஏதோ விளையாட்டாக நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அது நின்றபோது டீச்சர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டியபடி இருந்தார்.

நாற்காலி நாள் வந்தது. அதிகாரி சுத்தமான சட்டையும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தலைமையாசிரியை பக்கத்தில். கண்ணாடிக் கடைக்காரர், லேப்காரம்மா, பேக்கரிக்காரர், லிஃப்ட் கம்பெனி மேஸ்திரி எல்லாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் புதிய லேசான ஃபிரேமோடு உள்ளே வந்தார். நடுவில் இருந்த மாணவர் நாற்காலியைத் தொடவில்லை. தனக்கென்று போட்டிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய், பின்சுவரில் தொங்கிய உலக வரைபடத்துக்கு எதிரே, அறைக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

“டீச்சர், என்ன இது?” என்றார் அதிகாரி.

“பிள்ளைங்களுக்கு என் மூஞ்சி இடைஞ்சல் சார். காது நல்லாக் கேக்கும். ஆரம்பிக்கலாம்.”

அதிகாரி தலைமையாசிரியையைப் பார்த்தார். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

முதல் மாணவன் வந்தான், குடிநீர் நிலையத்தில் பழகியவன். குளோரின் அளவு பற்றிச் சொன்னான். நாற்காலி அசையவில்லை. அடுத்தவளும் அப்படியே. ஜீப்பின் ஒரு மூலை டீச்சரின் மனத்தில் மறுபடி எட்டிப்பார்த்தது. ‘பிள்ளைகள் உண்மையிலேயே…’ என்று ஒரு நப்பாசை. மூன்றாவதாக மௌனம். பல் லேபில் பழக வேண்டிய விஷயங்களை ஒப்பித்தாள், யாரோ எழுதிக்கொடுத்ததுபோல. பிறகு நிறுத்தினாள். அந்த நிறுத்தம் நீண்டது. டீச்சர் தன் முன்னால் வரைபடத்தில் இருந்த நீலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பிடித்து நிறுத்தினார். வாயில் ஒரு வாக்கியம் வந்துவிட்டது, ‘பரவால்லம்மா’ என்று தொடங்கும் ஒன்று. அதை விழுங்கினார்.

நாற்காலிக் கால் சிமெண்ட் தரையில் கிறீச்சிட்டது.

அறையில் யாரோ மூச்சை விட்டார்கள். கண்ணாடிக் கடைக்காரராக இருக்கும். அடுத்து ரேடியோ. அவன் ஒரு வார்த்தையும் பேசாமலே நேராக வந்து நாற்காலியைத் திருப்பினான். சத்தம் முன்னதைவிடப் பெரிது. பிறகு லிஃப்ட் கம்பெனிக்குப் போனவன். கால்நடை மருத்துவமனைக்குப் போனவள். அவளுக்கு நாய் என்றாலே பயமாம், இத்தனை நாள் பேக்கரியில் இருந்திருக்கிறாள். பேக்கரிக்குப் போக வேண்டியவன் கன்றுக்குட்டிக்குப் பால் புட்டி பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். மத்தியானத்துக்குள் வகுப்பில் பாதிக்கு மேல் கிறீச்சிட்டுவிட்டது. தரையில் புதிதாக வளைந்த கோடுகள்.

திருப்பாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் திருப்பாததற்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக ஓர் அர்த்தம் இருந்தது. அதுவரை அந்த வகுப்பில் திரும்பாத நாற்காலி எதையுமே சொன்னதில்லை. மரியாதை என்ற பெயரில் ஒரு மரச்சாமான் சும்மா நின்றுகொண்டிருந்தது.

“ஒண்ணுகூடத் திரும்பாத வகுப்புன்னு சொன்னாங்களே?” என்றார் அதிகாரி, பாட்டிலை மூடியபடி.

“இன்னைக்குத்தான் சார் இந்த வகுப்பு ஆரம்பிச்சிருக்கு” என்றார் தலைமையாசிரியை. அந்த அம்மாள் யாரையும் பாராட்டிப் பழக்கம் இல்லாதவர். இதையும் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஜீப் கணக்கு வாத்தியாருக்குப் போயிற்று. டீச்சர் அதை மகான்போல ஏற்றுக்கொண்டார் என்று எழுதினால் பொய். ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இன்றும் அந்த ஜீப் சலூன் வாசலைக் கடந்தால், “போறாரு பாருங்க, உணர்ச்சியே இல்லாத மனுஷன். அவருக்கு எப்படி ஜீப்பு பிடிக்கும்? ஜீப்புக்கும் அவருக்கும் பொருத்தமே இல்ல” என்பார். “அவரைச் சீட்டைத் திருப்பிப் போட்டு உக்காரச் சொல்லு” என்பார் கணவர்.

மௌனம் கண்ணாடிக் கடையிலேயே கடைசி வருடப் பயிற்சியில் இருக்கிறாள். வகுப்பில் இப்போதும் பேசுவதில்லை. டீச்சர் அதைச் சரிசெய்ய முயல்வதில்லை. ரேடியோ செதுக்கிய முதல் பல் யாரோ ஒரு பெரியவரின் வாயில் இருக்கிறதாம். அவர் யார் என்று சொல்ல லேப்காரம்மா மறுத்துவிட்டதால், அவன் தெருவில் யார் சிரித்தாலும் உற்றுப் பார்க்கிறான்.

டீச்சர் இன்னும் குடையோடு படியேறுகிறார், இன்னும் சட்டென்று பொருத்தம் பார்க்கிறார். பாதி தப்பு. ஆனால் நாற்காலி நாளில் வரைபடத்துக்கு எதிரே, அறைக்கு முதுகைக் காட்டி உட்காருவதை விடவில்லை. பிள்ளைகள் பட்டப்பெயரை மாற்றிவிட்டார்கள்: ‘முதுகு டீச்சர்’. பழையது அளவுக்கு இது அவருக்குப் பிடிக்கவில்லை.

பின்னால் ஒவ்வொரு தடவை நாற்காலி கிறீச்சிடும்போதும் அவர் முகம் இப்போதும் சுருங்கத்தான் செய்கிறது. ‘எவ்வளவு அலைந்தேன்’ என்ற அதே பழைய முகம். கணவரிடம் அவரே ஒப்புக்கொண்டது இது. நல்லவேளை, அந்த முகத்துக்கு நேர் எதிரே வரைபடத்தின் தென்கோடிக் கடல் இருக்கிறது. அங்கே மனுஷர் யாரும் குடியிருப்பதில்லை.